செம்பைன் காய்த்த வருடம்

கணுக்கால் உயரம்கூட இல்லாத நெருப்பு, தரையில் கொட்டிய தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதுபோல, உதிர்ந்து கிடக்கும் பைன் ஊசிகளுக்குள் வழி தேடிப் போகிறது, ஒரு மரத்தின் அடிக்கு வருகிறது, தடித்த செந்நிறப் பட்டையை நக்கிப் பார்க்கிறது, பிடிக்கவில்லை, விலகி அடுத்த மரத்துக்குப் போகிறது, ஏரியின் இந்தப் பக்கத்துப் படகுத்துறைப் பலகையில் நின்று இராசமலர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சால்வையின் நுனி வாயில் இருக்கிறது, எப்போது வைத்தார் என்று தெரியவில்லை, நடுவில் கிடப்பது ஒரு கல்லெறி தூரத் தண்ணீர்தான், அதற்கு அப்பால் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை முழுக்கப் பைன் மரங்கள், செம்பைனும் வெண்பைனும், ரொறன்ரோவிலிருந்து ஒரு பகல் முழுக்க வடக்கே கார் ஓடி வந்தால்தான் இவற்றைக் காணலாம், அந்த மரங்களுக்கு நடுவில் மஞ்சள் சட்டையும் தலைக்கவசமும் போட்டு நடந்து போகிறவள் அவர் பெற்ற மகள் யசோதினி, கையில் நீண்ட மூக்கு வைத்த கேத்தல் மாதிரி ஒரு தகரக் குடுவை, அதைச் சாய்க்கிறாள், தண்ணீர் விழவில்லை, நெருப்புச் சொட்டுகிறது, சொட்டுச் சொட்டாக ஒரு கோடு போட்டுக்கொண்டு போகிறாள், வந்த விருந்தாளிகளுக்கு வரிசையாகத் தேத்தண்ணி வார்ப்பதுபோல என்ரை பிள்ளை காட்டுக்கு நெருப்பு வார்க்கிறாள், கடவுளே, என்று இராசமலர் நினைக்கிறார், புகையின் ஒரு இழை மட்டும் தண்ணீரைக் கடந்து வருகிறது, அதில் பைன் பிசினின் இனிப்பு இருக்கிறது, அதற்குக் கீழே வேறொரு மணமும் இருக்கிறது, எங்கே எரிந்தாலும் எல்லா நெருப்புக்கும் பொதுவான ஒரு மணம், அது அவரை அங்கே நிற்கவிடவில்லை.

அவர் யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில், வடமராட்சியில் நிற்கிறார், இல்லை, நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறார், தென்னோலைக் கிடுகு வேலி ஒரு முனையில் பிடித்து மறுமுனைவரைக்கும் ஒரே மூச்சில் வெடித்துக்கொண்டு வருகிறது, ஓலைக் குசினி விழுந்துவிட்டது, புகையிலைத் தோட்டத்துக்குள்ளால் ஓடும்போது செருப்பு ஒன்று கழன்றுவிட்டது, மற்றதையும் உதறிவிட்டார், நெருப்பு வைத்தவர்கள் ஒழுங்கையில் நின்று சத்தமாகச் சிரித்தது கேட்டது, பிறகு வாகனம் போகிற சத்தம், வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், அது என்ன செய்கிறது என்று திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, பிள்ளை தோளில் கிடந்தாள், மூன்று வயதிருக்கும், தாய்க்கு முன்னால் இருட்டிக் கிடந்த பனங்கூடல் மட்டுந்தான் தெரிந்தது, தோளில் கிடந்தவளின் முகம் பின்பக்கம் இருந்தது, எரிந்த முழுவதையும் அவள்தான் பார்த்தாள், அழவில்லை, இரண்டு கண்ணையும் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள், அவள் என்ன பார்த்தாள் என்று இராசமலர் பிறகு எந்த நாளிலும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயம், கனடாவுக்கு வந்து, வந்த இரண்டாம் குளிரில் கணவர் நெஞ்சு வலி என்று படுத்து எழும்பாமலே போய், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வெள்ளைத் துணிகளின் ஆவிக்குள் இவர் நின்று உழைத்து, ஸ்கார்பரோவில் பதினோராம் மாடியில் அந்தப் பிள்ளை வளர்ந்து, பல்கலைக்கழகம் போய், காடு பற்றிப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோதும் கேட்கவில்லை, சரி, மரம்தானே, மரம் நடுவாள், நல்ல விஷயம் என்றுதான் நினைத்தார்.

பிறகு ஒருநாள் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு அவள் சொல்கிறாள், அம்மா எனக்கு வடக்கிலை வேலை கிடைச்சிருக்கு, என்ன வேலை பிள்ளை, காட்டுக்கு நெருப்பு வைக்கிற வேலை, இராசமலர் கரண்டியைக் கீழே வைக்கிறார், உதென்ன பகிடி, பகிடி இல்லையம்மா, கணக்குப் பாத்து, காத்துப் பாத்து, ஈரம் பாத்து நாங்களே வைக்கிறது, சில காடுகளுக்கு நெருப்பு வேணும், நெருப்பு வேணுமோ, ஆருக்கடி வேணும் நெருப்பு, நெருப்பாலை ஓடி வந்த எங்களுக்கோ, அதைப் படிக்கத்தானோ உன்னை இவ்வளவு காலம் படிப்பிச்சனான், என்று கத்திவிட்டு, கத்தியதற்கு வெட்கப்பட்டு, குழம்புச் சட்டியைக் கழுவப் போய்விட்டார், அவள் பின்னாலே வந்து நின்றாள், சமாதானம் சொல்லவில்லை, மன்றாடவில்லை, அம்மா ஒருக்கா வந்து பாருங்கோ, பாத்திட்டுச் சொல்லுங்கோ, அவ்வளவுதான், அந்த ஒரு வசனத்தை இரண்டு வருடம் விடாமல் சொன்னாள், ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் சொன்னாள், கடைசியில் போன இலையுதிர் காலத்தில் இராசமலர் காரில் ஏறினார், காடு பார்க்க இல்லை, பிள்ளை என்ன சாப்பிடுகிறாள், எப்படிப்பட்ட இடத்தில் படுக்கிறாள் என்று பார்க்க.

அந்த இலையுதிர் காலம், முதன்முறை இந்த நிலமுனைக்குள் நுழைகிறார், வெளியே வெயில், உள்ளே ஒரு குளிர்ந்த பழுப்பு வெளிச்சம், தூண் தூணாக மேலே போகிற மரங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகிறது, கிளையே இல்லாமல் நெடுந்தூரம் போய் உச்சியில் மட்டும் பச்சை, காற்று அங்கே மேலே இரைகிறது, கடல் இரைவதுபோலவே இரைகிறது, ஊரின் பருத்தித்துறைக் கடல், காதைப் பொத்தித் திறந்து பார்த்தார், அதேதான், கீழே நடந்தால் சத்தம் இல்லை, ஊசிகள் விழுந்து விழுந்து மெத்தைபோலக் கிடக்கின்றன, யசோதினி முழங்காலில் இருந்து அந்த மெத்தைக்குள் கையை விடுகிறாள், மணிக்கட்டு மறைகிறது, முழங்கைக்குக் கிட்ட வருகிறது, பிறகுதான் மண், பாருங்கோ அம்மா, மரத்திலையிருந்து விழுற விதை மண்ணைத் தொட்டால்தான் முளைக்கும், இதுக்கு மேலை விழுந்தால் காஞ்சு செத்துப்போம், எத்தினை வருசமாய் இஞ்சை ஒரு பைன் கன்றும் வரேல்லை, இராசமலர் சுற்றிப் பார்த்தார், உண்மைதான், பெரிய மரங்கள் இருந்தன, அவற்றுக்குக் கீழே நெருக்கமாகப் பால்சம் என்று ஒரு பற்றை மரம், கறுப்புப் பச்சையாக, நிழலுக்கு அஞ்சாமல் வளர்ந்து நின்றது, பைன் கன்று ஒன்றைக்கூடக் காணவில்லை, இந்தப் பால்சம் இருக்கே, உது ஏணி, கீழை நெருப்புப் பிடிச்சால் உதிலை ஏறி உச்சிக்குப் போயிடும், உச்சிக்குப் போனால் பெரிய மரமும் சரி, ஏரிக்கரை வீடுகளும் சரி, ஒண்டும் மிஞ்சாது, முந்தி சின்னச் சின்ன நெருப்பு அடிக்கடி வந்து உதுகளைத் துப்புரவாக்கிப்போட்டுப் போகும், செம்பைனுக்கு ஒண்டும் நடக்காது, பட்டை அவ்வளவு தடிப்பு, என்று சொல்லி ஒரு பெரிய செம்பைனின் அடியில் தாயின் கையைப் பிடித்து வைத்தாள், பட்டைக்கு நடுவில் ஒரு பழைய பிளவு, கரி பிடித்து, இருபக்கமும் மரம் வளர்ந்து அதை மூட முயன்று முக்கால்வாசி மூடியிருந்தது, உது பழைய நெருப்புத் தின்ற இடம், அதுக்குப் பிறகு எவ்வளவு வளர்ந்திருக்கு பாருங்கோ, இராசமலர் விரலை அந்தப் பிளவுக்குள் விட்டுப் பார்த்தார், வழுவழுவென்று இருந்தது.

அவர்களோடு அன்று லொறெயின் வந்தாள், யசோதினியின் குழுவில் மூத்த ஆள், அந்த ஏரிக்கரையில் ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே வாழ்கிற அனிஷினாபே மக்களில் ஒருத்தி, உரத்த சிரிப்பு, பெரிய கைகள், அவள் சொன்னதை யசோதினி தமிழில் திருப்பிச் சொன்னாள், எங்கட ஆக்கள் பழம் வேணுமெண்டு இந்த முனைக்கு முந்தி நெருப்பு வைக்கிறவை, எரிஞ்ச இடத்திலைதான் புளூபெரி நல்லாய்க் காய்க்கும், பிறகு குற்றமெண்டு சட்டம் போட்டு மறிச்சுப்போட்டினம், இப்ப எனக்குச் சம்பளமும் தந்து, தொப்பியும் தந்து, போய் வை எண்டினம், என்று அவள் சிரித்த சிரிப்பில் ஒரு மரங்கொத்தி பறந்து போனது, இராசமலரும் சிரித்தார், நெருப்புக் கதைக்கு எப்படிச் சிரித்தேன் என்று பிறகுதான் யோசித்தார், திரும்பும் வழியில் யசோதினி தொலைநோக்கியைத் தாயின் கண்ணில் வைத்து உச்சிக் கிளையைக் காட்டினாள், கிளை நுனியெல்லாம் விரல் நுனியளவு பச்சைக் காய், நெருக்கமாக, செம்பைன் காய் முத்த இரண்டு கோடை வேணுமம்மா, இது வாற வருசம் முத்தி வெடிக்கும், இவ்வளவு காய்ப்பு எப்பவாவதுதான், அந்த விதை விழ முதல் நான் நிலத்தைத் திறந்து வைக்க வேணும், வாற கோடை தொடங்கேக்கை வைக்காட்டில் எல்லாம் மெத்தையிலை விழுந்து வீண், இன்னொரு நல்ல காய்ப்பு வரும்வரைக்கும் இந்தப் பால்சம் பொறுத்திருக்குமோ, ஒரு மின்னல் பொறுத்திருக்குமோ, ஆருக்குத் தெரியும், அதைச் சொல்லும்போது அவளுடைய குரலில் இருந்த அவசரம் இராசமலருக்குப் புதிது, இந்தப் பிள்ளை தனக்கென்று எதற்கும் இப்படி அவசரப்பட்டதில்லை.

குளிர்காலம், பனி, ஏரிக்கரை ஊர் மண்டபத்தில் நெருப்பு வைப்பது பற்றிக் கூட்டம், இரும்புக் கதிரைகள், கோப்பி மணம், இராசமலர் கடைசி வரிசையில் குளிர் அங்கிக்குள் ஒடுங்கி இருக்கிறார், முன்னால் நிற்கிற மகள் சின்னதாகத் தெரிகிறாள், எல்லாரும் கோடை வீடுகளின் சொந்தக்காரர், எழும்பி நிற்கிறவர் வோல்டர், நெடிய வெள்ளைக்காரர், நரைத்த மீசை, படகுத்துறைக்குப் பக்கத்து வீடு அவருடையது, அவருடைய குரல் நடுங்குகிறது, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த மரங்களில் ஒன்றைக்கூட வெட்ட விடவில்லை, ஒரு தணலைக்கூட விழ விடவில்லை, நீங்கள் நேற்று வந்து எரிக்கப் போகிறோம் என்கிறீர்கள், எங்கிருந்தோ வந்த உங்களுக்கு இது வெறும் வேலை, எங்களுக்கு இது வீடு, மண்டபத்தில் கைதட்டல், இராசமலருக்கு முகம் எரிந்தது, அவர்கள் கைதட்டி முடியும்வரை யசோதினி நின்றாள், என்னுடைய வீடும் எரிந்திருக்கிறது ஐயா, என்றாள், எரிகிற வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்கள் வீட்டுக்கு எதிரே, அந்தப் பைன்களுக்குக் கீழே நிற்கிற பால்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் கண்ணுக்குள் வருகிறது, அதனால்தான் சின்ன நெருப்பாக, ஈரமான நாள் பார்த்து, நானே பக்கத்தில் நின்று வைக்கிறேன் என்கிறேன், பிழைத்தால் என் பெயரைச் சொல்லுங்கள், வேறு யாருடையதையும் சொல்ல வேண்டாம், அப்படியென்றால் அவள் மறக்கவில்லை, மூன்று வயதில் பார்த்ததை மறக்கவே இல்லை, இத்தனை வருடம் தாயிடம் ஒரு சொல் சொல்லாமல் வைத்திருந்து, யாரென்று தெரியாத இத்தனை பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று சொல்கிறாள், இராசமலர் அழவில்லை, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழும்பி நின்றது, அதற்கு என்ன பெயர் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

இனித்தான் தெரியப் போகிறது, இந்தப் பலகையில் நிற்கும்போது, காற்று திரும்பிவிட்டது. இவ்வளவு நேரமும் ஏரியை விட்டுக் காட்டுக்குள் போன புகை நின்று, யோசித்து, இந்தப் பக்கம் சாய்கிறது, பார்க்க வந்து கரையில் நிற்கிற சனம் இருமுகிறது, முனையின் ஓரத்தில் நெருப்பு ஒரு பால்சத்தைப் பிடிக்கிறது, அவள் சொன்ன ஏணி, கண் மூடித் திறக்கும் முன்னே அது அடியிலிருந்து நுனிவரை ஒரே சுவாலை, பக்கத்தில் நின்ற பழைய வெண்பைனின் உச்சி சட்டென்று வெடித்து எரிகிறது, கிடுகு வேலி வெடித்த அதே சத்தம், தணல் தண்ணீருக்கு மேலாகப் பறந்து வருகிறது, ஒன்று பலகையில் விழுகிறது, பக்கத்தில் நிற்கிற வோல்டர் அதைச் சப்பாத்தால் மிதிக்கிறார், பாருங்கள், பாருங்கள், சொன்னேனே, அணைக்கச் சொல்லுங்கள் அவளை, என்கிறார், மேலே விமானம் ஒன்று சுற்றுகிறது, அதில் தண்ணீர் இருக்கிறது, அவள் ஒரு சொல் சொன்னால் கொட்டிவிடும், கொட்டினால் எல்லாம் அணையும், கோடையும் போகும், காய்ப்பும் போகும், யசோதினி வோக்கிடோக்கியை வாயருகே பிடித்திருக்கிறாள், அண்ணாந்து உச்சியைப் பார்க்கிறாள், குனிந்து தண்ணீரின் நெளிவைப் பார்க்கிறாள், லொறெயின் பக்கத்தில் வந்து ஏதோ கேட்கிறாள், இவள் தலையாட்டுகிறாள், பிறகு அந்தக் கேத்தலைத் தூக்கிக்கொண்டு நேராகக் கரையோரத்துக்கு, எரிகிற மரத்துக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிற இடத்துக்கு வருகிறாள், வந்து, சாய்த்து, இன்னும் நெருப்பு வைக்கிறாள்.

இன்னும் வைக்கிறாளே, அவளுக்குப் பைத்தியமா, என்று வோல்டர் கத்துகிறார், இராசமலரின் பக்கம் திரும்பி, அது உங்கள் மகள்தானே, கூப்பிடுங்கள், நிறுத்தச் சொல்லுங்கள், என்கிறார், இராசமலருக்குக் கால் இரண்டும் ஓடப் பார்க்கின்றன, அவை பழகிய கால்கள், செருப்பைக்கூட உதறத் தெரிந்த கால்கள், ஆனால் அவருடைய கண் மகளின் நடையில் நிற்கிறது, அவள் ஓடவில்லை, வேகமாகக்கூட நடக்கவில்லை, கோட்டைப் போடுகிறாள், நின்று பார்க்கிறாள், இன்னும் கொஞ்சம் போடுகிறாள், பின்னேரத்தில் மாட்டை வழிமறித்துப் பட்டிக்குத் திருப்புகிற ஒருத்தியைப்போல அந்த நெருப்போடு கூடவே போகிறாள், இராசமலர் தன் வாழ்க்கையில் நெருப்பை வைத்துவிட்டுப் போனவர்களைக் கண்டிருக்கிறார், நெருப்புக்குப் பயந்து ஓடியவர்களில் ஒருத்தியாகவும் இருந்திருக்கிறார், வைத்துவிட்டு அதோடு நிற்கிற ஆளை இன்றுதான் காண்கிறார், அந்த ஆள் தன் வயிற்றில் பிறந்தவள், அன்று மண்டபத்தில் நெஞ்சுக்குள் எழும்பியதன் பெயர் பெருமை, சால்வையை வாயிலிருந்து எடுத்தார், தெரிந்த இங்கிலீசில், சலவைக்கூடத்து மேலாளரிடம் ஒருநாள்கூடப் பேசாத குரலில் சொன்னார், நான் கூப்பிட மாட்டேன், அவளுக்கு அவளுடைய வேலை தெரியும், நீங்கள் பேசாமல் நின்று பாருங்கள்.

கரையோரம் அவள் போட்ட புது நெருப்பு கொஞ்சம் தயங்கியது, பிறகு உள்ளே எரிகிற பெரிய நெருப்பு அதைத் தன்பக்கம் இழுத்தது, இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன, கரையோரம் ஒரு கறுப்புப் பட்டி விழுந்து அகன்றுகொண்டே போயிற்று, காற்று என்ன தள்ளினாலும் இனி இந்தப் பக்கம் எரிய ஒன்றும் இல்லை, இரண்டு நெருப்பும் சந்தித்த இடத்தில் ஒருமுறை உயர்ந்து, உரத்து, பிறகு இருந்தாற்போலத் தணிந்து தரையோடு படுத்துக்கொண்டது, வெண்பைனின் உச்சி கறுத்துப் புகைந்தது, அந்த ஒரு மரம் போய்விட்டது, சுற்றி நின்ற மரங்கள் அடியில் கரி பூசிக்கொண்டு அப்படியே நின்றன, விமானம் தண்ணீரோடு திரும்பிப் போயிற்று, பொழுதுபடப் படகில் இக்கரைக்கு வந்தவளின் முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன, பயந்திட்டீங்களோ அம்மா, ஓமடி, சரியாய்ப் பயந்திட்டன், நானும்தான், என்றாள், இராசமலர் அவளுடைய கரி படிந்த கையைப் பிடித்துத் தன் சால்வையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார், துடைத்துத் துடைத்து வெள்ளைச் சால்வை கறுத்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த காலம் இராசமலருக்குப் போன் வழியாகத்தான் வந்தது, நிலமுனை கறுப்பாய்க் கிடக்கிறது அம்மா, ஏரிக்கரை ஊரில் ஏசுகிறார்கள், இலையுதிர் காலம், காய் வெடித்துவிட்டது அம்மா, இன்றைக்கு முழுக்க விதை சுழன்று சுழன்று விழுந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் செட்டை, தொப்பியைக் கழற்றிப் பார்த்தால் தொப்பிக்குள்ளும் இருந்தது, பனி, பிறகு ஒரு கோடை, இன்னும் ஒன்றும் சொல்ல ஏலாது, மானும் தின்னும், வெயிலும் தின்னும், வெண்பைனுக்குக் கொப்புள நோய் வேறை, பொறுத்திருங்கோ, பிறகும் பனி, பதினோராம் மாடி ஜன்னலில் அது விழும்போது இராசமலர் வடக்குப் பக்கம் பார்ப்பார், அங்கேயும் அது நிலத்தை மூடியிருக்கும், நல்லது, மூடட்டும், சலவைக்கூடத்தில் கூட வேலை செய்கிறவர்கள், கோயிலில் சந்திக்கிறவர்கள், மகள் என்ன செய்கிறா என்று கேட்டால், பைன் காட்டை மீட்கிறாள், நெருப்பாலை மீட்கிறாள் என்று சொல்லி, அவர்களுடைய முகம் போகிற போக்கைப் பார்த்து, செம்பைன் காய் முத்த எத்தனை கோடை வேண்டும் என்பதுவரை விளக்கி, நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்களைத் தாமதப்படுத்திவிடுவார்.

மூன்றாவது கோடையில் அவளே வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனாள், நிலமுனைக்குள் நுழைந்ததும் இராசமலர் கண்ணைச் சுருக்கினார், வெளிச்சம், கீழேவரை வெளிச்சம், பால்சம் எரிந்து போன இடமெல்லாம் வெயில் கட்டம் கட்டமாய் விழுந்து கிடந்தது, புளூபெரி முழங்கால் உயரத்துக்கு நீலமாய்க் காய்த்திருந்தது, லொறெயின் வாளியோடு குந்தியிருந்து ஒன்றை வாளிக்குள்ளும் இரண்டை வாய்க்குள்ளும் போட்டுக்கொண்டு கையசைத்தாள், உச்சி கருகிய வெண்பைன் வெறும் கம்பமாய் நின்றது, அதில் மரங்கொத்தி பொந்து குடைந்திருந்தது, எங்கை பிள்ளை கன்று, எனக்கு ஒண்டும் தெரியேல்லை, மெல்லமாய்க் குந்துங்கோ அம்மா, குந்தினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார், முதலில் ஒன்று, சுண்டுவிரல் உயரம், நடுவில் நிமிர்ந்து, சுற்றிவர மயிர்போலப் பச்சை ஊசி விரித்து, பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பிறகு கண் பழகிவிட்டது, பழகியதும் நிலம் முழுக்க அதுவாயிருந்தது, கரித்துண்டுக்குப் பக்கத்தில், கல்லோரத்தில், தன் செருப்புக்கு முன்னால், பெரிய செம்பைனின் வேர்மடிப்பில், இராசமலர் குந்திய இடத்தில் அசையாமல் இருந்தார், கால் வைக்க இடம் தெரியவில்லை, இதெல்லாம் அந்த மரங்கள்போல எப்ப பிள்ளை வரும், நூறு வருசம், அதுக்கும் மேலை, அப்ப நீயும் பாக்க மாட்டாய், நானும் பாக்க மாட்டன் அம்மா, அதை அவள் சொன்ன விதம், ஒரு குறையும் இல்லாமல், நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்ன விதம், இராசமலர் மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார், கன்னத்தில் வெயில் கறுப்பு, நெற்றியோரம் ஒரு நரைமயிர், தான் காணாத ஒன்றுக்காக இப்படி நிற்கிறவளை நான்தான் பெற்றேன் என்று நினைத்தபோது, தோட்டத்துக்குள்ளால் ஓடிய அந்தப் பொழுதுகூட ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்த பொழுதாக மாறி நெஞ்சில் இருந்தது.

அப்போது ஏரிக்கரைப் பாதையால் ஆள் வருகிற சத்தம், வோல்டர், கையில் தடி, முன்னால் கட்டாமல் விட்ட பெரிய பழுப்பு நாய், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேரே இந்த வெளிச்சத்துக்குள் பாய்ந்து வருகிறது, இராசமலருக்கு எழும்பியது தெரியாது, முழங்கால் நோவு தெரியாது, இரண்டு கையையும் விரித்து நாய்க்கு முன்னால் போய் நின்றுவிட்டார், நில், நில், அதைப் பிடியுங்கள், இங்கே சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள், என்று இங்கிலீசில் கத்தினார், வோல்டர் பதறி நாயை விசில் அடித்துக் கூப்பிட்டுக் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார், பிள்ளைகளா, எங்கே, யாருடைய பிள்ளைகள், இராசமலர் குனிந்து தரையைக் காட்டினார், என் மகளுடைய பிள்ளைகள், என்றார், வோல்டர் பார்த்தார், அவருக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை, தடியில் சாய்ந்து மெல்ல ஒரு முழங்காலைக் கீழே வைத்தார், தடிக்குப் பக்கத்தில் ஒரு கன்றைக் கண்டார், பிறகு இன்னொன்றை, நாய் அவர் தோளில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, பிறகு நிமிராமலே கேட்டார், நான் இப்போது எந்தப் பக்கமாகத் திரும்பிப் போகலாம், இராசமலர் அவருக்குக் கை கொடுத்து எழுப்பி, முன்னால் நடந்து, கால் வைக்கக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனார்.